உறக்க சபையில் கேட்ட தமிழ்

ராஸ் ஸதஃப் அமீரகத்தில் எண்ணெய் வற்றிய ஆறாவது ஆண்டு, நாட்டை எப்படி நடத்துவது என்று மக்களிடம் அவர்கள் தூங்கும்போது கேட்கத் தொடங்கினார்கள்.

விழித்திருக்கும்போது கேட்டுப் பார்த்துச் சலித்த பிறகுதான் அது வந்தது. ஆட்சிக் குழு ஊர் முக்கியஸ்தர்களைக் காபிக்கு அழைக்கும். வந்தவர்கள் அமீரின் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த முகத்துக்கு எது பிடிக்கும் என்று தோன்றுகிறதோ அதைச் சொல்லிவிட்டு, பேரீச்சம்பழத்தைத் தின்றுவிட்டுப் போய்விடுவார்கள். மின்சார மானியத்தைக் குறைக்கலாமா, பழைய துறைமுகத்தை மூடலாமா, பெண்கள் தாங்களே கையெழுத்திட்டு வெளிநாடு போகலாமா, எதற்கும் உண்மையான பதில் வரவில்லை. பொய்யான பதில்களை நம்பிப் போட்ட இரண்டு சட்டங்களால் கடைவீதியில் கலவரமே வந்தது.

நரம்பியல் மருத்துவர் பத்ரிய்யா பின்த் ராஷித் ஒரு யோசனை சொன்னார். அந்த ஊரில் எல்லோரும் மதியம் தூங்குகிறவர்கள். லுஹர் தொழுகைக்குப் பிறகு கடைகள் சாத்தப்பட்டு, தெருக்கள் வெள்ளை வெயிலில் ஆளற்றுக் கிடக்கும். அந்த உறக்கத்தில் கேட்கலாம் என்றார் அவர்.

கடலோரத்தில் கைவிடப்பட்ட குடிநீர் ஆலை ஒன்று இருந்தது. அதைக் கழுவி, நீலத் திரைகள் தொங்கவிட்டு, அறுநூறு படுக்கைகள் போட்டார்கள். குலுக்கலில் தேர்ந்தெடுத்த அறுநூறு குடிமக்கள் புதன்கிழமைதோறும் வருவார்கள். மீனும் சோறும் கிடைக்கும். சாப்பிட்டுப் படுத்ததும் செவிலிப்பெண்கள் மெல்லிய துணித் தொப்பி ஒன்றைத் தலையில் மாட்டிவிடுவார்கள். கண் செருகும் நேரத்தில் ஒரு பெண்குரல் அந்த வாரத்துக் கேள்வியைக் காதில் ஒருமுறை மட்டும் சொல்லும். பிறகு கனவுதான். தொப்பி அதைப் படமாகவும் ஒலியாகவும் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அனுப்பும். அங்கே குறிப்பாளர்கள் பதின்மூன்று பேர் ஒவ்வொரு கனவையும் பார்த்து விருப்பம், அச்சம், அலட்சியம் என்று மூன்றில் ஒன்றைக் குறிப்பார்கள். படுக்கைக்கு எண் மட்டும் உண்டு. படுத்தவர் பெயர் யாருக்கும் தெரியாது.

அரசாங்கத் தாள்களில் அதற்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. ஜனங்கள் உறக்க சபை என்றார்கள்.

முதல் ஆண்டிலேயே அது ஒரு காரியம் செய்தது. பெண்கள் பயணச் சட்டத்தைப் பகலில் எதிர்த்த ஆண்களின் கனவுகளில், விமான நிலையத்தின் பூட்டிய கதவுகளுக்கு முன்னால் அவரவர் மகள்கள் பெட்டியோடு நின்றார்கள். பிள்ளை களைத்துப்போய்ப் பெட்டிமேல் உட்கார்வதைத் தகப்பன்மார் பார்த்துக்கொண்டே உறங்கினார்கள். அந்தச் சட்டம் நிறைவேறியது.

முஹ்ஸினா அங்கே குறிப்பாளராக வந்தது மூன்றாம் ஆண்டில். காயல்பட்டினத்துப் பெண். ஊரில் பெண்கள் கல்லூரியில் அரபி படித்துவிட்டு, சென்னையில் ஒரு மருத்துவமனையின் உறக்கப் பிரிவில் வேலை பார்த்தவள். விதவை. எட்டு வயது மகளை உம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். அவளுடைய அரபியைச் சோதித்தார்கள், திருப்தி என்றார்கள். வேறு என்ன மொழி தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. வந்து இறங்கிய அன்றைக்கே பாஸ்போர்ட்டை வாங்கி அலுவலகத்து இரும்பு அலமாரியில் வைத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் அப்படித்தான்.

அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. கண்ணாடிக்கு அப்பால் அறுநூறு பேர் மூச்சு விடுவது தூரத்து அலை மாதிரி கேட்கும். திரையில் மாடியில்லாத வீடுகள் மிதக்கும். ஒட்டகம் ஒன்று லிஃப்டுக்காகக் காத்திருக்கும். இறந்த தாய் ஒருத்தி மகனுடைய கடையில் வந்து பேரம் பேசுவாள். முஹ்ஸினா பார்த்துப் பார்த்து எழுதுவாள். வேலை முடிந்து வெளியே வந்தால் கடற்கரைச் சாலையும் கொஞ்ச நேரத்துக்கு அப்படியே தெரியும்.

அந்த வசந்தத்தில் வந்த கேள்வி பெரியது. வெளிநாட்டுத் தொழிலாளி, முதலாளியின் அனுமதி இல்லாமல் வேலை மாறலாமா, ஊருக்குப் போகலாமா, தன் பாஸ்போர்ட்டைத் தானே வைத்துக்கொள்ளலாமா? நாட்டில் பத்தில் எட்டுப் பேர் வெளிநாட்டுக்காரர்கள். அவர்களில் யாருக்கும் சபையில் படுக்கை கிடையாது. எண்ணெய் போன பிறகு புதிய தொழில்கள் வர வேண்டுமானால் இந்தச் சட்டம் வேண்டும் என்றது பொருளாதாரத் துறை. வீட்டில் சமையல்காரி சொல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்றது ஊர். அதே அறுநூறு பேரிடம் மூன்று புதன்கிழமைகள் கேட்டுவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு.

முதல் புதன் முழுக்க அச்சமாக விழுந்தது. இரண்டாம் புதனும் அப்படியே. அன்றைக்கு முஹ்ஸினாவின் பங்கில் 214ஆம் படுக்கை வந்தது.

கனவில் ஒரு கார் கடலுக்கடியில் போய்க்கொண்டிருந்தது. அவசரமே இல்லாத ஓட்டம். கண்ணாடிக்கு வெளியே பச்சை வெளிச்சமும் பாசியும். கனவு காண்கிறவர் பின் இருக்கையில் உட்கார்ந்து ஓட்டுநரின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் கறுத்த, சுருக்கம் விழுந்த பிடரி. சட்டைக் காலர் பிய்ந்து தைக்கப்பட்டிருந்தது. முகம் தெரியவில்லை. ஓட்டுநர் ஒரு கையால் கைபேசியைக் காதில் வைத்து, குரலை அடக்கிக்கொண்டு பேசினார்.

"இன்னும் கேக்கல ஆத்தா. கேட்டா விட்டுருவாரு. நல்ல மனுசரு. நாந்தேன் கேக்கல."

முஹ்ஸினாவின் கை நின்றுவிட்டது. சிவகங்கைப் பக்கத்துப் பேச்சு. ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல், மூச்சு வாங்கும் இடம் உட்பட, அப்படியே வந்தது. முந்தின வாரம் இதே படுக்கையைப் பார்த்த குறிப்பாளர் என்ன எழுதியிருக்கிறார் என்று புரட்டினாள். 'அந்நிய மொழியில் ஒருவன் முணுமுணுக்கிறான். மிரட்டல். அச்சம்.'

அவள் மற்றப் பதிவுகளையும் திறந்தாள். கனவு கண்டவர்கள் எல்லாரும் அரபிகள். ஆனால் அந்தக் கனவுகளின் அடுக்களைகளிலும் வாகனங்களிலும் மாடிப்படிகளிலும் வேறு மனிதர்கள் வேறு மொழிகளில் பேசிக்கொண்டே இருந்தார்கள். அரபி தவிர்த்த பேச்சு எங்கே வந்தாலும் குறிப்பு ஒன்றுதான்: அச்சம்.

பத்ரிய்யாவின் அறைக்குப் போய் அந்த ஒலியைப் போட்டுக் காட்டினாள். பொருளைச் சொன்னாள். டாக்டர் ஒலியை இன்னொரு முறை ஓடவிட்டார்.

"இவருக்குத் தமிழ் தெரிந்திருக்குமா?" என்று கேட்டார்.

"தெரிந்திருந்தால் கனவில் அவர் பதில் சொல்லியிருப்பார் டாக்டர். சும்மா கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்."

"சரிதான். பொருள் புரிந்த பேச்சில் பொருளை வைத்துக்கொண்டு சொற்களை விட்டுவிடுகிறோம். போன வாரம் உன் மகள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல் பார்ப்போம், முடியாது. புரியாத பேச்சில் வைத்துக்கொள்ள வேறொன்றும் இல்லை. சத்தத்தை அப்படியே வைத்துக்கொள்கிறது மூளை." அவர் திரையைப் பார்த்தார். "எத்தனை பேரிடம் இருக்கிறது இப்படி?"

"பாதிக்கு மேல் இருக்கும்."

"அவர்கள் பேசுவது என்னவென்றே தெரியாமல் அச்சம் என்று எழுதியிருக்கிறோம்." டாக்டர் எழுந்து ஜன்னலருகே போனார். "முஹ்ஸினா, உன் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது?"

"இங்கேதான். அலமாரியில்."

"அப்படியானால் இந்த வழக்கில் நீயும் ஒரு தரப்பு. நீ சொன்னாய் என்று நான் சொன்னால், தனக்கு வேண்டியதை அவள் இட்டுக்கட்டினாள் என்பார்கள். உன்னை ஊருக்கு அனுப்ப ஒரு நாள் போதும்."

"தெரியும் டாக்டர்."

"தெரிந்துதான் வந்தாயா?"

"அந்த ஆள் என்ன சொல்கிறார் என்று இந்தக் கட்டடத்தில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. கேட்காத மாதிரி அச்சம் என்று எழுத வரவில்லை."

மறுநாள் பத்ரிய்யா ஆலையின் சமையலறையிலிருந்து ஆரோக்கியசாமியை வரவழைத்தார். திருச்சிப் பக்கத்துக்காரர், சபைக்கு மீன் பொரிப்பவர். முஹ்ஸினாவை வெளியே நிறுத்திவிட்டு ஒலியைப் போட்டார்கள். அவர் தனக்குத் தெரிந்த உடைந்த அரபியில் வாக்கியத்தைச் சொன்னார். பிறகு தோட்டக்காரர் ஒருவர், பிறகு துறைமுகத்திலிருந்து ஒரு கணக்கர். மூவரும் சொன்னது ஒன்றே. வெளியே வந்த ஆரோக்கியசாமி முஹ்ஸினாவைப் பார்த்து, "யாரும்மா அந்தப் பையன்? எங்க இருக்கான் இப்ப?" என்று கேட்டார். தெரியாது என்றாள். "கொரலு தண்ணிக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

மூன்றாம் புதனை, இயந்திரத்துக்குப் பராமரிப்பு என்று அறிவித்து, பத்ரிய்யா தள்ளிவைத்தார். அது பொய். அவர் வாழ்க்கையில் அரசாங்கத்துக்குச் சொன்ன முதல் பொய் என்று பிற்பாடு முஹ்ஸினாவிடம் சொன்னார். கிடைத்த பதினோரு நாளில் மலையாளம், வங்காளம், உருது, நேபாளி, சிங்களம், தகலாக் என்று மொழிக்கு மூன்று பேரைத் தேடிப் பிடித்தார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்டு எழுத வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால்தான் கணக்கில் வரும்.

அந்தப் பதினோரு பகல்கள் முஹ்ஸினாவுக்குப் பிறகு எப்போது நினைத்தாலும் ஒரே பகலாகத்தான் தோன்றின. திரைகள் காற்றில் அசைய, காதுகளில் கருவியை மாட்டிக்கொண்டு கூலியாட்களும் தாதிகளும் வரிசையாக உட்கார்ந்து, எங்கோ யாரோ எப்போதோ சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். அரபி எசமானர்களின் உறக்கத்துக்குள் மிரட்டல் என்று நினைத்ததில் பெரும்பகுதி சாதாரணப் பேச்சு. உப்பு தீர்ந்துவிட்டது. மகள் பாஸாகிவிட்டாள். இந்த ஏணி ஆடுகிறது, பிடித்துக்கொள். இன்று எங்கள் ஊரில் மழையாம். ஒரு வங்காளி மாடிப்படிகளை எண்ணிக்கொண்டே ஏறினார், நூற்று நாற்பதுவரை. வசவும் இருந்தது. நான்கைந்து கனவுகளில் பச்சையான கெட்ட வார்த்தைகள் இருந்தன. அவற்றையும் அப்படியே எழுதி அச்சம் என்றே குறித்தார்கள். மற்றவற்றில், கனவு காண்கிறவருக்குப் பேசுகிறவர்மேல் பரிவு தெரிந்தால் விருப்பம், இல்லாவிட்டால் அலட்சியம்.

விஷயம் ஆட்சிக் குழுவின் ஆலோசகர் ஃபவ்வாஸின் காதுக்குப் போனது. பத்தாம் நாள் அவரே வந்தார். வெள்ளை அங்கி கசங்காத மனிதர். இந்தச் சட்டம் வரக்கூடாது என்று எல்லாக் கூட்டத்திலும் பேசியவர்.

"குடிமக்களின் கனவில் அந்நியர்களுக்கு வாக்குக் கொடுக்கிறீர்கள்," என்றார் பத்ரிய்யாவிடம்.

"கனவு குடிமக்களுடையதுதான். அதற்குள் யார் இருக்கிறார்கள் என்பதை நான் தேர்ந்தெடுக்கவில்லை."

"எனக்கு ஒன்றைக் காட்டுங்கள்."

பத்ரிய்யா எதையும் தேடிப் பொறுக்கவில்லை. அப்போது ஓடிக்கொண்டிருந்ததையே போட்டார். 87ஆம் படுக்கை. கனவில் ஒரு தொட்டில் துணி, அதன் நெசவின் வழியே மங்கலான வெளிச்சம். ஒரு பெண் சிங்களத்தில் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

ஃபவ்வாஸ் நின்றுகொண்டே கேட்டார். பாதிப் பாட்டில் கனவு அறுபட இரண்டு நிமிடம் ஆயிற்று. அதற்குள் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

சிங்களத்துக்கு எழுதிக்கொண்டிருந்த பெண் தயங்கித் தயங்கி, "பொருள் சொல்லட்டுமா?" என்றாள்.

"வேண்டாம்," என்றார் அவர். "இதன் அடுத்த அடி எனக்குத் தெரியும்," என்றார்.

மேசையிலிருந்த கோப்பில் 'பார்த்தேன்' என்று ஒரு வரி எழுதி ஒப்பமிட்டார். ஆட்சேபம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டார். யாரிடமும் விடைபெறாமல் போனார்.

மூன்றாம் புதனும் முடிந்தது. மறு எண்ணிக்கையில் விருப்பம் ஏழு கனவுகளால் முன்னால் நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஆட்சிக் குழு சட்டத்தை ஏற்றது, முழுதாக ஏற்கவில்லை. ஒரு வருடம் வேலை செய்த பிறகு அனுமதி கேட்காமல் மாறலாம். ஊருக்குப் போக யாரையும் கேட்க வேண்டாம். பாஸ்போர்ட் அவரவர் கையில். வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் இன்னும் இரண்டு ஆண்டு கழித்து. அதைக் கேட்டு பத்ரிய்யா அழுதார் என்று சொன்னார்கள். முஹ்ஸினா பார்க்கவில்லை. பொய்யான பராமரிப்பு அறிவிப்புக்காக டாக்டரைச் சபையிலிருந்து எடுத்து, ஒரு பள்ளிக்கூட நூலகத்துக்கு மாற்றினார்கள். அவர் தன் செடித்தொட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். சட்டத்தோடு சேர்த்து, கனவுகளில் கேட்ட வாக்கியங்களின் அரபி மொழிபெயர்ப்பையும் அரசிதழில் வெளியிட வேண்டும் என்பது மட்டும் அவர் போகுமுன் வற்புறுத்திப் பெற்றது. பெயர் இல்லை, எண் இல்லை, மொழியும் பேசியவரின் வேலையும் மட்டும் போட்ட இருநூற்றுச் சொச்சம் வாக்கியங்கள்.

நான்கு மாதம் கழித்து ஒரு முற்பகலில் ஒரு முதியவர் சபைக்கு வந்தார். எண்பதை நெருங்கியவர். பெயர் ஸுவைலிம் பின் ஹிலால் என்றும், ஒரு காலத்தில் சிமென்ட் வியாபாரம் செய்தவர் என்றும் வாசல்காரர் சொன்னார். கையில் அரசிதழ். தமிழ் வாக்கியங்களை மொழிபெயர்த்தவரைப் பார்க்க வேண்டும் என்றாராம்.

முஹ்ஸினா அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

அவர் அரசிதழில் ஒரு வரியின்மேல் நகத்தை வைத்தார். 'இன்னும் கேட்கவில்லை, அம்மா. கேட்டால் விட்டுவிடுவார். நல்ல மனிதர். நான்தான் கேட்கவில்லை.'

"கார் ஓட்டுகிறவன் சொன்னது என்று போட்டிருக்கிறது," என்றார். "இதை அந்த மொழியில் ஒருமுறை சொல்ல முடியுமா மகளே?"

சொல்லக்கூடாது என்று விதி இருந்தது. படுக்கையில் இருந்தவரும் குறிப்பாளரும் பேசிக்கொள்ளவே கூடாது. முஹ்ஸினா கதவைப் பார்த்தாள். பிறகு, கேட்ட மாதிரியே, அந்த இழுப்போடு சொன்னாள்.

கிழவர் கண்களை மூடிக்கொண்டார். அவர் உதடுகள் அவளுக்கு ஒரு நொடி முன்னதாகவே அசைந்தன.

"இதுதான்," என்றார். "பதினெட்டு வருடமாகக் கேட்கிறேன். தொழுகையில்கூட வரும். என்னைச் சபித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

"சாபம் இல்லை ஐயா," என்றாள் முஹ்ஸினா. அவரிடம் அதைச் சொல்ல முடிந்ததில் அவள் மனம் நிறைந்தது. "உங்களை நல்ல மனிதர் என்றுதான் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அவர் உங்களிடம் கேட்கவேயில்லை. உங்கள்மேல் குற்றம் ஒன்றும் இல்லை."

கிழவர் கண்ணைத் திறந்தார். அவர் முகத்தில் ஆறுதல் எதுவும் இல்லை.

"கேட்டான்," என்றார்.

முஹ்ஸினாவுக்குப் புரியவில்லை.

"தாய்க்கு முடியவில்லை, பத்து நாள் போய்விட்டு வருகிறேன் என்று கேட்டான். முதல் தடவை, சரக்கு வரட்டும் என்றேன். இரண்டாவது தடவை, போனால் திரும்பி வரமாட்டாய், எனக்குத் தெரியும் என்றேன். மூன்றாவது தடவை காரில் கேட்டான். நான் பதிலே சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச தூரம் ஓட்டினான். பிறகு கைபேசியை எடுத்து இதைச் சொன்னான்." அவர் அரசிதழை மடித்தார். "ஒன்பதாம் நாள் அவன் தாய் போய்விட்டாள். ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது. இருந்து ஓட்டிவிட்டுத்தான் போனான். ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை."

அந்தக் கனவுக்கு விருப்பம் என்று குறித்தது முஹ்ஸினாவின் கை. ஏழு கனவுகளில் ஒன்றாகக்கூட அது இருந்திருக்கலாம். தாயின் மனம் முதலாளியை வெறுத்துக்கொண்டு அடங்கக்கூடாது என்று ஒருவன் சொன்ன பொய். அல்லது தன் பிள்ளை கேட்டும் கிடைக்காதவன் என்று அவள் தெரிந்துகொள்ளக்கூடாது என்று சொன்னது. எதுவென்று முஹ்ஸினாவால் சொல்ல முடியவில்லை.

கிழவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய நகலை எடுத்தார். பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும். முத்திருளப்பன் என்று பெயரும், சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கிராமத்து முகவரியும் இருந்தன. நாங்கள் முத்து என்றுதான் கூப்பிட்டோம் என்றார்.

"உன்னால் அந்த மொழியில் கடிதம் எழுத முடியுமா?"

"முடியும். அவர் இருக்கிறாரா என்று தெரியாதே ஐயா."

"அவன் இல்லாவிட்டால் அவன் தம்பி தங்கைகள் இருப்பார்கள். பெற்றவள் கிடக்கும்போது முதலாளியிடம் வாய்திறந்து கேட்காத மூத்தவன் என்று இத்தனை வருடமும் நினைத்திருப்பார்கள். அவனும் மறுத்திருக்க மாட்டான். எனக்கு அவனைத் தெரியும்."

"என்ன எழுத?"

"கேட்டான் என்று எழுது."

முஹ்ஸினா ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். அவள் தமிழில் எழுதி நாளாகியிருந்தது. மகளுக்குக்கூடக் குரல்பதிவுதான் அனுப்புவாள். முதல் வரியை மெதுவாக எழுதினாள்: 'தன் தாயைப் பார்க்க ஊருக்கு விடச் சொல்லி முத்திருளப்பன் என்னிடம் கேட்டார். நான் விடவில்லை.'

கிழவர் மேசைமேல் குனிந்து, தெரியாத எழுத்துகளைப் பார்த்தார். "இதில் கேட்டான் என்பது எது?"

அவள் காட்டினாள். அவர் விரலை அதன்கீழ் வைத்தார்.

"மூன்று தடவை என்று எழுதினாயா?"

"இல்லை ஐயா."

"எழுது," என்றார்.